ஜெசிந்தாவின் வலது கால்

ஜெசிந்தாவுக்கு நடுக்க நோய் வந்திருக்கிறது என்று முதலில் சொன்னது அவளுடைய கார்தான்.

தூத்துக்குடி கடற்கரைச் சாலையில், சிவப்பு விளக்கைப் பார்த்து பிரேக்கை அழுத்தினாள். வண்டி நிற்பதற்குள் அவள் உட்கார்ந்திருந்த இருக்கை கடகடவென்று உதறியது. பாதத்துக்கு அடியில் பெடல் துள்ளியது. பின்னால் இருந்த சவாரிக்காரர் கையிலிருந்த காபி பாதி அவருடைய சட்டைக்குப் போயிற்று.

"வண்டிக்கு என்னமோ ஆயிட்டு" என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள்.

கண்ணாடிக்குக் கீழேயிருந்து ஓர் இனிமையான குரல் உடனே திருத்தியது. "வண்டி நலம். ஓட்டுநரின் வலது பாதத்தில் நடுக்கம். மருத்துவரை அணுகவும்."

"எனக்கா? எனக்கா நடுக்கம்?"

கார் ஒருமுறை சொன்னால் சொன்னதுதான், மறுபேச்சு கிடையாது. அடுத்த நிமிடமே அவளுடைய போனுக்குத் தகவல் வந்துவிட்டது. சவாரி ஏற்றத் தடை. மூன்று மாதத்துக்குள் குணமானதாகச் சான்று வராவிட்டால் ஓட்டுநர் உரிமம் அடியோடு ரத்து.

மெய்யுரைச் சட்டம் வந்த புதிதில் ஊரே அதைக் கொண்டாடியது. ஜெசிந்தாவும் கொண்டாடினாள். கட்டை விரல் நகம் அளவில் ஒரு சில்லு, பெயர் மெய்யுரைப்பான். லிஃப்ட், மோட்டார், குளிர்ப்பெட்டி, கார் என்று எல்லாவற்றிலும் அதைப் பதித்தார்கள். லிஃப்ட் அறுந்து விழுவதற்கு முன்பே "என் கம்பி நைந்திருக்கிறது" என்று சொல்லிவிடும். நல்ல பம்பைக் கெட்டுப்போனது என்று சொல்லி ஏமாற்றும் ஆட்களின் பிழைப்பு போயிற்று. விபத்து வழக்குகள் அன்றன்றைக்கே முடிந்தன. நல்ல சட்டம்தான். ஆனால் அதற்கு இரண்டு கால்கள் இருந்தன. ஒன்று, இயந்திரத்தின் நிலை பற்றி இயந்திரம் சொல்வதே இறுதிச் சான்று. இரண்டு, நலம் என்று சொல்லும் இயந்திரத்தை யாரும் திறக்கக் கூடாது. சக்கரத்து போல்ட் கூட மெய்யுரைப்பான் சம்மதித்தால்தான் கழலும். நலமாக இருக்கிற ஒன்றைத் திறப்பவன் திருடனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முட்டாளாக இருக்க வேண்டும் என்பது சட்டம் எழுதியவர்களின் எண்ணம்.

ஜெசிந்தாவின் கார் பொய் சொல்லவில்லை, பாவம். அதற்குத் தெரிந்த கணக்கைப் போட்டது. பெடல் துடிக்கிறது, அது உண்மை. மோட்டார் சரி. பிரேக் எண்ணெய் சரி. சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பிரேக் கட்டைகள் தேயவே இல்லை, புத்தம் புதிது மாதிரி இருக்கின்றன. எல்லாம் சரியாக இருக்கும்போது பெடலில் மிச்சம் இருப்பது ஒரு பாதம்தான். ஆகவே நோய் பாதத்துக்கு.

மருத்துவர் அவள் முழங்காலைச் சுத்தியலால் தட்டினார். நடக்கச் சொன்னார், கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். "எனக்கு ஒண்ணும் தெரியலம்மா. ஆனா சான்று வந்திருச்சு. நான் இல்லைனு எழுதுனா என் எழுத்துதான் நிக்காது" என்றவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவள் அதை வாசலிலேயே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

அவள் கணவன் கப்பலில் வேலை பார்ப்பவன். பாதி வருஷம் ஊரில் இருக்கமாட்டான். வீட்டில் துணைக்கு இருப்பது அவன் தங்கை ரெக்சலின். அவளும் வாடகைக் கார் ஓட்டுபவள்தான். அண்ணன் மனைவியைக் கிண்டல் செய்யக் கிடைத்த வாய்ப்பை அவள் விடவில்லை.

"வயசாயிட்டு மைனி. சாவியக் குடுங்க, நான் ஓட்டிக் காட்டுதேன்."

தெரு முனை வரை போனாள். பிரேக்கைப் போட்டாள். "வண்டி நலம். ஓட்டுநரின் வலது பாதத்தில் நடுக்கம்" என்றது கார். ரெக்சலினின் முகம் வெளுத்தது. ஜெசிந்தாவுக்கு அந்த நேரத்தில் சிரிப்பை அடக்க முடியவில்லை. அது தப்புதான், ஆனால் சிரித்தாள்.

சிரிப்பு ரொம்ப நாள் நீடிக்கவில்லை. மாதா கோயில் திருவிழா அப்போதுதான் முடிந்திருந்தது; அதே வாரத்தில் அந்தத் தெருவில் ஏறக்குறைய எல்லாக் கார்களும் தங்கள் ஓட்டுநர்களைப் பற்றி இதையே சொல்லத் தொடங்கின. சுகாதாரத் துறை பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டது. ரத்தம் எடுத்தார்கள். திருவிழாவில் யார் என்ன சாப்பிட்டார்கள் என்று துருவித் துருவிக் கேட்டார்கள். கடைசியில் நெத்திலிக் கருவாட்டின் மேல் சந்தேகம் விழுந்தது. தெருவுக்குள் கருவாடு வரக் கூடாது என்று தடை போட்டார்கள். பத்திரிகைகள் இந்த நோய்க்குக் 'கடலோர நடுக்கம்' என்று பெயரே வைத்துவிட்டன. கல்யாணம் பேசி முடித்த ஒரு வீட்டில், மாப்பிள்ளைப் பையன் கார் ஓட்டுபவன் என்பதற்காகப் பெண் வீட்டார் பின்வாங்கினார்கள்.

ஜெசிந்தாவுக்குக் கோபம் தலைக்கேறியது. கோபம் வந்தால் அவளுக்கு மூளை நன்றாக வேலை செய்யும்.

"ஏட்டி ரெக்சலின், கருவாடு எல்லாரும்தான் தின்னாங்க. ஓட்டாதவங்க ஒருத்தருக்காவது கால் நடுங்குதா?"

"இல்ல."

"நமக்கும் காருக்குள்ளதான நடுங்குது? மாடிப்படி ஏறும்போது நடுங்குதா? தையல் மெஷின மிதிக்கும்போது நடுங்குதா?"

"இல்ல மைனி."

"பின்ன என்னத்துக்கு நம்ம ரத்தத்த உறிஞ்சுதானுவ?"

சவாரி ஏற்றத்தான் தடை; வெறும் வண்டியை ஓட்டத் தடையில்லை. இருவரும் புறவழிச் சாலைக்குப் போனார்கள். ஜெசிந்தா முதலில் பிரேக்கைத் தொடாமல், வேகப் பெடலிலிருந்து காலை மட்டும் எடுத்தாள். அப்படி எடுத்தால் மின்சாரக் காரில் மோட்டாரே எதிர்வேலை செய்யும். சக்கரத்தின் ஓட்டத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்குத் திருப்பும். வண்டி தானாக மெதுவாகும். இதை மின்மீட்பு என்பார்கள். வண்டி வெண்ணெயாக வேகம் குறைந்தது. உதறல் துளியும் இல்லை. அடுத்து பிரேக்கை ஓங்கி மிதித்தாள். கடகடவென்று உதறியது.

"ஸ்டியரிங் ஆடுதா, சீட்டு ஆடுதா?" என்று கேட்டாள்.

ரெக்சலின் ஸ்டியரிங்கில் கை வைத்துப் பார்த்தாள். "ஸ்டியரிங் சும்மாதான் இருக்கு. குண்டிதான் ஆடுது."

"அப்போ பின் சக்கரம்."

சக்கரத்தைக் கழற்ற முடியாது. ஆனால் அதன் இடுக்கு வழியாகப் பார்க்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சாலையோரம் குப்புறப் படுத்து போன் வெளிச்சத்தை அடித்தாள். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டு தெரிந்தது. பிரேக் போட்டால் இந்தத் தட்டைத்தான் இரண்டு பக்கமும் கட்டைகள் கவ்வும். தட்டு முழுக்கப் பளபளவென்றிருக்க, ஓர் இடத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாகத் துரு. துருவின் ஓரம் கோடு போட்டது மாதிரி நேராக இருந்தது. பிரேக் கட்டையின் அச்சு அசலான வடிவம். அடுத்த சக்கரத்திலும் அப்படியே.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. திருவிழாவுக்குக் கொடி ஏறும் நாளில் தெருவில் பந்தல் போட்டுவிடுவார்கள். கார் நுழைய வழியிருக்காது. எனவே தெருவே சேர்ந்து கார்களைச் சொட்டச் சொட்டக் கழுவி, மாலை போட்டு, சாமியாரிடம் தீர்த்தம் தெளித்து வாங்கி, கடற்கரைத் திடலில் வரிசையாக நிறுத்திக் கைபிரேக் போட்டுவிட்டு வந்துவிடும். கொடி இறங்கும் வரை யாரும் தொடுவதில்லை. ஈரத் தட்டு, அதை இறுகப் பிடித்த கட்டை, இரவு பகலாக உப்புக் காற்று. பிடித்த இடத்தில் துரு அச்சு விழுந்துவிட்டது. இப்போது தட்டு சுழலும்போதெல்லாம் அந்த இடம் கட்டையில் இடறுகிறது.

பெட்ரோல் கார் காலத்தில் இரண்டு நாள் ஓட்டினால் கட்டை உரசி உரசியே துரு போய்விடும். இந்த வண்டிகளில் மோட்டாரே நிறுத்திவிடுவதால் கட்டைக்கு வேலையே இல்லை. "மூணு வருஷமா என் பிரேக் கட்டை புதுசாவே இருக்கு" என்று பெருமையடித்தவர்களில் ஜெசிந்தாவும் ஒருத்தி. அந்தப் பெருமைதான் இப்போது உதறுகிறது.

மெய்யுரை நடுவரிடம் முறையிட்டாள். நடுவர் சுடலைமணி கெட்டவர் இல்லை. முறைப்படி எல்லாம் நடக்க வேண்டும் என்று நினைப்பவர், அவ்வளவுதான். நேரிலேயே வந்து காரில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பெல்ட்ட போட்டுக்கிடுங்க சார்" என்றாள். சாலை காலியாக இருந்த இடத்தில் வேகம் பிடித்தாள். பிறகு இரண்டு கால்களையும் தூக்கி இருக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"ஏம்மா! ஏம்மா! என்ன பண்ணுதிய!" என்று சுடலைமணி கதவைப் பிடித்தார்.

"கால் கீழ இல்ல. நல்லா பாத்துக்கிடுங்க." இடது கையால் கைபிரேக் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். ஓடும்போது அப்படிப் பிடித்தால் அவசரத்துக்கென்று பின் சக்கரத்துக் கட்டைகள் கவ்வும். கவ்வின. வண்டி கடகடவென்று உதறி நின்றது.

"இப்போ எந்தக் கால் சார் நடுங்குச்சு?"

சுடலைமணி வாயைத் திறப்பதற்குள் கார் தன் வாயைத் திறந்தது. "வண்டி நலம். ஓட்டுநரின் நோய் வலது பாதத்திலிருந்து இடது கைக்குப் பரவியுள்ளது."

சுடலைமணி கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். "நான் பாத்தேம்மா. இல்லைங்கல. ஆனா என் கண்ணு சான்றாகாது. வண்டி சொல்லுததுதான் சான்று."

"பின்ன எதுக்கு சார் உங்களுக்குக் கண்ணு?"

அவர் இறங்கிப் போனார். போகும்போது, பேசாமல் மாத்திரையைச் சாப்பிட்டு ஒரு சான்று வாங்கிவிடச் சொல்லி அக்கறையாகத்தான் சொன்னார். அந்த அக்கறை அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

கார் திறக்கவிடாது. சரி, திறக்காமலே செய்வோம் என்று முடிவெடுத்தாள். துருவை உரசி எடுக்கக் கட்டைக்கு வேலை கொடுக்க வேண்டும். அதற்கு மின்மீட்பு நிற்க வேண்டும். வழக்கமாக யாரும் பேட்டரியை முழுக்க நிரப்புவதில்லை, முக்கால் தாண்டியதும் கார் போதும் போதும் என்று கெஞ்சும். அவள் கெஞ்சலைக் காதில் வாங்காமல் விளிம்பு வரை ஏற்றினாள். பேட்டரியில் இடம் இல்லாதபோது மீட்ட மின்சாரத்தைக் கார் எங்கே கொண்டுபோய்க் கொட்டும்? கட்டைகளைத்தான் நம்ப வேண்டும்.

விடிந்ததும் உப்பளச் சாலைக்குப் போனாள். ஆளில்லாத நேர் சாலை. எண்பதில் ஓட்டி, ஓங்கி பிரேக்கை மிதித்து, நடக்கிற வேகத்துக்குக் கொண்டுவந்து, நிறுத்தாமல் மறுபடி வேகம் எடுத்தாள். வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது. துரு கருகும் நாற்றம் வந்தது. ரெக்சலின் மாதாவைக் கூப்பிட்டாள்.

"நிப்பாட்டிட்டுப் பாருங்களேன் மைனி!"

"சூட்டோட நிப்பாட்டுனா மறுபடி அச்சு விழும்ட்டி. உருள விட்டு ஆறவச்சு அடிக்கணும்."

எத்தனை முறை என்று எண்ணவில்லை. ஒவ்வொரு முறையும் உதறல் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்தது. கடைசியில் எவ்வளவு ஓங்கி மிதித்தாலும் வண்டி சத்தமில்லாமல் குனிந்து நின்றது. ஜெயித்துவிட்டோம் என்று ஸ்டியரிங்கைத் தட்டினாள்.

"வண்டி நலம்" என்றது கார். "ஓட்டுநருக்கு நடுக்கம் இல்லை. குணமடைந்ததற்கு வாழ்த்துகள்."

தெரு முழுக்க உப்பளச் சாலைக்கு வந்தது. எல்லாக் கார்களின் உதறலும் நின்றது. எல்லா ஓட்டுநர்களும் குணமானார்கள். சுகாதாரத் துறை அசந்துபோனது. மாத்திரைக்குக் கட்டுப்படாத ஒரு நோய், திடீர் திடீரென்று பிரேக் போட்டால் போய்விடுகிறதே! 'தடைப் பயிற்சிச் சிகிச்சை' என்று பெயர் சூட்டி, குளச்சல் முதல் நாகப்பட்டினம் வரை கடலோரம் பூராவும் அறிவித்தார்கள். உப்புக் காற்றில் நின்ற கார்களை ஓட்டிய ஆயிரக்கணக்கானோர் பயிற்சி செய்தார்கள். பயிற்சி செய்தவர்கள் எல்லாரும் குணமானார்கள். வைத்தியச் சரித்திரத்தில் இப்படி ஒரு வெற்றியே கிடையாதாம்.

ஒரே ஒரு சம்பிரதாயம் பாக்கி. எந்தப் புதுச் சிகிச்சைக்கும் முதலில் குணமான ஆளின் ஒப்புதல் வேண்டும். அதுதான் மூலச் சான்று. அது வரும் வரை மற்றவர்களுக்குத் தற்காலிகச் சான்றுதான்; முதல் ஆள் மறுத்தால் அவர்கள் உரிமமும் சேர்ந்து ரத்தாகும். முதல் ஆள் ஜெசிந்தா. 'எனக்கு நோய் இருந்தது, இப்போது குணமாகிவிட்டது' என்ற வாசகத்துக்குக் கீழே 'ஏற்கிறேன்', 'மறுக்கிறேன்' என்று இரண்டு கட்டங்கள் அவளுடைய போனில் வந்து நின்றன. ஏற்றால் அந்த நொடியே சவாரித் தடை நீங்கும், உரிமமும் தப்பும். அவள் வாரக்கணக்கில் அதைத் தொடவே இல்லை.

"ஒரு விரல வச்சிட்டுப் போங்களேன் மைனி. தெருவே ஓட்டுது, நீங்க மட்டும் வீட்டுல உக்காந்து கெடக்கிய" என்று ரெக்சலின் தினமும் சொன்னாள்.

"நோயே வராதவ எப்பிடிட்டி குணமாவா? நான் குணமானேன்னு சொன்னா நான் சீக்காளியா இருந்தேன்னு ஆயிரும். வண்டி நல்லா இருந்துச்சுன்னு ஆயிரும். அது மட்டும் நடக்காது."

"அப்போ லைசென்ஸ்?"

ஓட்டுவது ஜெசிந்தாவுக்கு ரொம்பப் பிடிக்கும். இருபது வயதிலிருந்து அதைத்தான் செய்கிறாள். வேறு எதுவும் செய்ய அவளுக்கு ஆசையும் இல்லை.

கெடு முடியும் அன்று மத்தியானம் சுடலைமணி வந்தார். கூட அவருடைய அப்பாவும் வந்திருந்தார். ரெக்சலின் தேநீர் கொடுத்தாள். பெரியவர் தம்ளரை வாங்கினார். இரண்டு கைகளும் ஆடி, தேநீர் வேட்டியில் கொட்டியது. மகன் தம்ளரை வாங்கி அவர் உதட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"அப்பாவுக்கு நடுக்குவாதம். ரொம்ப வருஷமா. மாத்திரையிலதான் ஓடிட்டு இருந்துச்சு" என்றார் சுடலைமணி. "நடுக்கம்னு பதிவான எல்லாருக்கும் தடைப் பயிற்சினு உத்தரவு வந்துச்சு. ஒரு பயிற்சிக் காரில ஏத்தி, பெடல்ல கால் வைக்கச் சொல்லி, ஓட்டுதவர் பிரேக் போட்டாரு. கார் நல்ல கார். நடுக்கம் இல்ல, குணமாயிட்டாருனு சொல்லிருச்சு. மாத்திரைய நிப்பாட்டிட்டாங்க. நான் எந்தக் கடையில கேட்டாலும் குணமானவருக்குக் குடுக்க மாட்டேங்கான்."

பெரியவர் ஆடும் கைகளை மறைக்கத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்க மறுத்தா மூலச் சான்றே இல்லாம போயிரும். சிகிச்சையே ரத்தாகும். அப்பாவுக்கு மாத்திரை கிடைச்சிரும்" என்ற சுடலைமணி தலையைக் குனிந்தார். "ஆனா உங்க லைசென்ஸ் போயிரும்மா. கேக்கவே வாய் வரல."

"அன்னைக்கு உங்க கண்ணு சான்றாகாதுன்னிய சார். இன்னைக்கு அதே கண்ணாலதான அப்பாவ பாக்கிய?"

ஜெசிந்தா போனை எடுத்தாள். பிறகு ரெக்சலினைப் பார்த்தாள். மறுத்தால் தெருவுக்கே கொடுத்த தற்காலிகச் சான்றும் போகும். ரெக்சலினும் வீட்டில் உட்கார வேண்டியதுதான். ரெக்சலின் பெரியவரின் நனைந்த வேட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அமுக்குங்க மைனி" என்றாள்.

"உங்களுக்காக இல்ல சார். எனக்காகத்தான்" என்று சொல்லி, ஜெசிந்தா 'மறுக்கிறேன்' என்பதில் விரலை வைத்தாள். காரணம் கேட்டது. வாயாலேயே சொன்னாள். "எனக்கு நோய் இருந்ததில்லை. என் காருக்கு இருந்தது."

மூலச் சான்று இல்லாமல் போனது. முதலில் சுடலைமணியின் போன் ஒலித்தது. அப்பா மறுபடி நோயாளி, மாத்திரைக்கு அனுமதி. அவர் அதைப் படித்து முடிப்பதற்குள் இரண்டாவது தகவல் வந்தது. அலுவலகக் காரில் போன மாதம் அவரும் ரகசியமாகக் குணமாகியிருந்தார், அந்தச் சான்றும் ரத்து, உரிமமும் ரத்து. ரெக்சலினின் போன் ஒலித்தது. பக்கத்து வீட்டில் ஒலித்தது, எதிர் வீட்டில் ஒலித்தது. கடலோரம் நெடுகக் கார் ஓட்டிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான பேர் அந்த நிமிடம் மறுபடி நோயாளிகள் ஆனார்கள். வண்டிகள் அப்படி அப்படியே சாலையோரம் ஒதுங்கின. எல்லா வண்டிகளும் நலமாக இருந்தன.

"நான் எப்பிடிம்மா வீட்டுக்குப் போவேன்?" என்றார் சுடலைமணி. பெரியவருக்கு ஏனோ சிரிப்பு வந்துவிட்டது.

அப்போது சுடலைமணிக்கு மறுபடி அழைப்பு வந்தது. மந்திரியின் உதவியாளர். பதற்றத்தில் அவர் கத்தியது எல்லாருக்கும் கேட்டது. "நடுவர் சார், அமைச்சர் திருச்செந்தூர் ரோட்டில் வெயிலில் நிற்கிறார்! டிரைவர் உரிமம் திடீரென்று ரத்தாகிவிட்டது. பாதுகாப்பு வண்டி ஓட்டுபவருக்கும் ரத்து. எங்களில் ஓட்டத் தகுதியுள்ள ஆளே இல்லை! என்ன செய்வது?"

சுடலைமணி விழித்தார். ஜெசிந்தா கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

"காரைக் கேட்டியளா சார்? அது என்ன சொல்லுது?"

"வண்டி நலம் என்கிறது."

"பின்ன என்ன? அதையே ஓட்டச் சொல்லுங்க."